ஒன்பதாவது லேனும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

(பதில் சொல்பவர் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவிலில் வசிக்கிறார். 2025 டோக்கியோ உலகத் தடகளப் போட்டிக்குப் பிறகு பெண்கள் ஓட்டம் பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே.)

டீச்சர், நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டரை 12.8 செகண்டில் ஓடினேன். ஆடி மாதம், முதுகுக்குப் பின்னால் நல்ல காற்று. "ஓடினது நீ இல்ல, காத்து" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் சொல்வது சரியா?
*மாணவி, ஆரல்வாய்மொழி*

மக்களே, அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்றுதான் உங்கள் மைதானத்திலும் அடிக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பிய்த்துக்கொண்டு போகும். நீ கிழக்கே பார்த்து ஓடியிருந்தால் தள்ளித்தான் விட்டிருக்கும்.

பெரிய போட்டிகளில் இதை அளக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். முடிவுக்கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், ஓடுபாதை ஓரமாக, 1.22 மீட்டர் உயரத்தில் இருக்கும். 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 செகண்ட் அளப்பார்கள். பின்காற்றின் சராசரி செகண்டுக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் ஏறாது. ஜெயித்தவர் ஜெயித்தவர்தான், பதக்கமும் உண்டு. செகண்டுக்கு 2 மீட்டர் என்றால் மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். உங்கள் ஊரில் அதைக் காற்று என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கே சுமார் 0.1 செகண்ட் குறையும்.

பெண்கள் 100 மீட்டர் உலக சாதனையைச் சுற்றியே ஒரு காற்று வழக்கு இருக்கிறது. 1988 ஜூலை 16, இண்டியானாபோலிஸ். அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் காலிறுதியில் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49 ஓடினார். கருவி 0.0 என்று காட்டியது. அதே நேரத்தில் பக்கத்தில் மும்முறைத் தாண்டுதலில் பலத்த காற்று பதிவாகிக்கொண்டிருந்தது. கருவி பழுது என்று பலரும் சொல்லியாகிவிட்டது, சாதனை இன்றும் பட்டியலில் நிற்கிறது. மறுநாள் இறுதியில் அவரே, சட்டத்துக்கு உட்பட்ட காற்றில் 10.61 ஓடினார். அவருடைய கால் வேகத்துக்கு அந்த 10.61-ஐத்தான் நான் சாட்சியாக எடுப்பேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் இலெய்ன் தாம்சன் ஹெராவும் அதே 10.61 ஓடினார். அன்று 0.6 எதிர்காற்று. எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடிய அந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

உன் கணக்குக்கு வருவோம். பள்ளியில் கிளாப்பர் அடித்து, கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தியிருப்பார்கள். சத்தம் காதில் விழுந்து விரல் அழுந்துவதற்குள் நீ கிளம்பிவிடுவாய். அதனால் 100 மீட்டரில் கைநேரத்தோடு 0.24 கூட்டிக்கொள்வது வழக்கம். அப்படியானால் உன்னுடையது 13.04. காற்றையும் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதற்காக முகம் வாட வேண்டாம், மண் தரையில் ஓடுகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல நேரம். ஒன்று செய். ஒரே நாளில் கிழக்கே பார்த்து ஒரு தடவை, அரை மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு மேற்கே பார்த்து ஒரு தடவை ஓடு. இரண்டையும் நோட்டில் எழுது. மாசி, பங்குனியில் காற்று அடங்கிய ஒரு காலையில் மறுபடியும் ஓடிப் பார். வாட்ச் பிடிக்க அண்ணனையே கூப்பிடு.

2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில், பெண்கள் 100 மீட்டர் அரையிறுதியில் மூன்றாவதாக வந்தவர் எப்படி இறுதியில் ஓடித் தங்கம் வாங்கினார்?
*கல்லூரி மாணவர், தக்கலை*

அன்று நம் நேரப்படி அதிகாலை 1.20. கட்டன்சாயா போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று அரையிறுதி, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர் நேராக இறுதிக்குப் போவார்கள். மிச்சம் உள்ளவர்களில் நேரம் குறைவாக ஓடிய இரண்டு பேருக்கும் இடம் உண்டு. அமெரிக்காவின் ஷாகாரி ரிச்சர்ட்சன், கால் ஊன்றிக் கிளம்புகிற பிளாக்கிலிருந்து எழும்பவே தாமதமாகி 10.84-ல் மூன்றாவதாக வந்தார். நேரக் கணக்கில் உள்ளே வந்தவர் என்பதால் கடைசி ஓரத்து 9-வது லேன் கிடைத்தது.

நேர் ஓட்டத்தில் எந்த லேன் ஆனாலும் தூரம் ஒன்றுதான். ஓரத்தில் ஓடுபவருக்கு நடுவில் ஓடுபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது சரியாகத் தெரியாது, அதுதான் கஷ்டம். என் கண்ணும் ஜமைக்காக்காரர்கள் மேலேயே இருந்தது. கடைசி 20 மீட்டரில்தான் அந்த ஓரத்தில் ஒரு உருவம் முன்னால் போவதைப் பார்த்தேன். ஷாகாரி 10.65, ஷெரிக்கா ஜாக்சன் 10.72, ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் 10.77. உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் அதுவரை யாரும் 10.65 ஓடியதில்லை. 2025 செப்டம்பர் 14 அன்று டோக்கியோவில் மெலிசா ஜெஃபர்சன் வுடன் 10.61 ஓடி அதை முந்தினார்.

குறுவட்டப் போட்டியில் ஓரத்து லேன் விழுந்தால் "போச்சு டீச்சர்" என்று அழுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். இப்போது அவர்களிடம் இந்த ஓட்டத்தைப் போனில் போட்டுக் காட்டுகிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரம் என்று போர்டில் வருகிறது, தங்கம் மட்டும் ஒருவருக்கு. இது நியாயமா? டீக்கடையில் பெரிய சண்டை ஆகிவிட்டது.
*ஆட்டோ ஓட்டுநர், மார்த்தாண்டம்*

நியாயம்தான் தம்பி. போர்டில் செகண்டில் நூறில் ஒரு பங்கு வரைதான் போடுவார்கள். கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அது முடிவுக்கோட்டை மட்டுமே படம்பிடிக்கிற கேமரா. தலை, கழுத்து, கை, கால் எது முன்னால் வந்தாலும் கணக்கில்லை, உடற்பகுதி கோட்டைத் தொட வேண்டும். நெஞ்சைக் கொடு, நெஞ்சைக் கொடு என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவது அதற்காகத்தான்.

ஜமைக்காவின் மெர்லின் ஆட்டியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. 1993 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அவருக்கும் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கும் 10.82. தங்கம் டெவர்ஸுக்கு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இருவருக்கும் 10.94. அப்போதும் டெவர்ஸுக்கே. ஆட்டி ஒலிம்பிக்கில் ஒன்பது பதக்கம் வாங்கினார், அதில் ஒரு தங்கம்கூட இல்லை. நம் பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. அந்த 55.42-ஐ கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் 2023-ல்தான் தொட்டார், 39 வருடம் கழித்து.

100 மீட்டரில் இந்தியப் பெண்கள் எவ்வளவு பின்னால் இருக்கிறோம்? நம் மாவட்டத்திலிருந்து ஒருத்தி அங்கே போய் நிற்க முடியுமா?
*வாசகி, குளச்சல்*

2021-ல் பாட்டியாலாவில் துத்தி சந்த் தேசிய சாதனையாக ஓடியது 11.17. மெலிசாவின் 10.61 பக்கத்தில் வைத்தால் முடிவுக்கோட்டில் சுமார் 5 மீட்டர் இடைவெளி. பெரிய இடைவெளிதான்.

இரண்டாவது கேள்விக்குப் பதிலாக ஒரு தீவைச் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மழையில், 10.72-ல் தங்கம் வாங்கிய ஜூலியன் ஆல்ஃபிரட் செயின்ட் லூசியாக்காரர். அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதன் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டம் மட்டும் 18 லட்சத்து 70 ஆயிரம். சிறுவயதில் பள்ளிச் சீருடையில், ஷூ இல்லாமல் வெறுங்காலோடு ஓடியதாக அவரே சொல்லியிருக்கிறார். பதினான்கு வயதில் பயிற்சிக்காக ஜமைக்கா போனார். நம் பிள்ளைகள் அந்த வயதில் பத்தாம் வகுப்புக்கு முன்பாகவே ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

நானும் வீட்டுக்காரரும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் 200 மீட்டரில் முதலாவதாக வந்தாள். வயசுக்கு வந்த பிள்ளை ஓடினால் கர்ப்பப்பைக்குக் கெடுதி, டவுசர் போட்டு ஓடுவது மானக்கேடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா டீச்சர்?
*ஒரு தாய், குலசேகரம்*

நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஓடினால் கர்ப்பப்பை கெடாது. மேலே சொன்ன ஷெல்லி ஆன் 2017 ஆகஸ்டில் மகனைப் பெற்றார். 2019-ல் தோஹா உலகப் போட்டியில் 10.71-ல் ஜெயித்து, அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். அவருடைய அம்மா கிங்ஸ்டனில் தெருவில் பொருள் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். 100 மீட்டரில் ஐந்து முறை உலக சாம்பியன், ஐந்தாவது முறை வயது 35. 2025-ல் டோக்கியோ உலகப் போட்டியில் 38 வயதில் இறுதிக்கு வந்து ஆறாவதாக முடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கு வைத்துவிட்டு வந்து பார்த்தேன், ஜெயித்த பெண்ணைவிட அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடுப்புக்கு வருகிறேன். டவுசர்தான் போட வேண்டும் என்று விதி இல்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையை மூடி, கை கால் முழுக்க மறைத்த உடையில் ஓடி 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். முழங்காலுக்குக் கீழே வருகிற, உடம்போடு ஒட்டிய டைட்ஸ் கடையில் கிடைக்கும். அவளுக்கு எது வசதியோ அதைப் போடட்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மாதவிலக்கு நாளில் வலி இல்லையென்றால் ஓடலாம், வலித்தால் ஓய்வு. மூன்று மாதம் வராமல் நின்றால் டாக்டரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், ரத்தம் குறைவாக இருக்கிற பிள்ளையை ஓடு ஓடு என்று விரட்டினால் துவண்டுபோவாள். மரச்சீனிக்கிழங்கு மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம், கூடச் சாளை மீன் குழம்பு இருக்கட்டும், முட்டை, பயறு, கீரை இருக்கட்டும்.

என் கதையையும் சொல்கிறேன். 1980-ல் எனக்குப் பதினாறு வயது. மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்தேன், மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்தது. வீட்டில் பெரியவர் ஒருவர் "ஓடினது போதும்" என்றார். அவ்வளவுதான். அதே வருடம், என் வயதுப் பெண்ணான உஷா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போனதைப் பேப்பரில் படித்தேன். நான் உஷா அளவுக்கு வந்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு வேகமாக ஓடியிருப்பேன் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அறுபது தாண்டியும் சில ராத்திரி அது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது.

சனிக்கிழமை காலை மகளை நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்குக் கூட்டி வாருங்கள். கிளம்பும்போது இரண்டு மட்டிப்பழம் சாப்பிடக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகள் ஆறு மணிக்கு வருவார்கள். பால்வெட்டு முடித்து, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வர உங்களுக்கு நேரமாகும் என்று தெரியும். பத்து மணிக்கு வந்தாலும் சரி, நான் இருப்பேன்.