டிசம்பருக்குள் 7 ஸ்வெட்டர்: என் யோசனை

டிசம்பருக்குள் 7 பேருக்கும் ஸ்வெட்டர் பின்ன முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்கும் போய்க்கொண்டு 3 மாதத்தில் முடியாதுங்க, கை வலிதான் மிஞ்சும். ஊட்டியில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் ஸ்வெட்டர் பின்னுங்கள், தினமும் போட்டுக்கொள்வார். 400, 500 கிராம் கம்பளி நூல் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே லாட் நம்பரில் (ஒன்றாகச் சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) இப்போதே வாங்கிவிடுங்கள். எனக்குப் பாதியில் நூல் தீர்ந்து, வேறு லாட் வாங்கியதில் ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் வேறு நிறமாகிவிட்டது. அளவு சரியாக வருமா என்று தெரிய, முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னித் துவைத்து அளந்து பாருங்கள்.

சென்னைத் தோழிகளுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி நூலில் சின்னப் பை போதும். அப்புறம் தங்கை குழந்தைக்குத் தொப்பி: இரண்டு மாலையில் முடியும். ஒரு அளவு பெரிதாகவே பின்னுங்கள், டிசம்பருக்குள் தலை வளர்ந்திருக்கும்.