கொல்லையில் தண்ணீர் நிற்கிறது, செயற்கைப் புல் போட்டால் வடியுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் 600 சதுர அடி காலி இடம். ஐப்பசி பிறந்தால் கணுக்கால் தண்ணீர், கார்த்திகை கடைசி வரை சேறு. செயற்கைப் புல் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "புல்லுக்கு அடியில் ஓட்டை இருக்கு சார், எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காது" என்கிறார். நம்பிப் போடலாமா?

பதில்: ஓட்டை இருப்பது உண்மைதான். அந்த ஓட்டையில் இறங்குகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டீர்களா? கீழே இருப்பது டெல்டா களிமண், மழைக்காலத்தில் ஏற்கெனவே குடித்து நிறைந்திருக்கும். விரிப்பு ஒரு மணி நேரத்தில் இத்தனை லிட்டர் வடிக்கும் என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் விரிப்பின் கணக்கு, உங்கள் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

10 செ.மீ. மழை என்பது வடகிழக்குப் பருவத்தில் நமக்குப் புதிதில்லை. 600 சதுர அடியில் அது விழுந்தால் சுமார் 5,500 லிட்டர். புல்லுக்கு அடியில் வழக்கமாகப் போடுகிற 4 அங்குல ஜல்லியின் இடுக்குகளில் அதிகம் போனால் 4 செ.மீ. மழைதான் நிற்கும், இறுக்கி அடித்தால் அதுவும் குறையும். மிச்சத் தண்ணீரைக் குழாய் வைத்து வெளியேற்றாவிட்டால், களிமண்ணில் தொட்டி வெட்டி அதற்குப் பச்சை மூடி வாங்கிப் போட்ட மாதிரிதான்.

அதனால் புல் சாம்பிள் பார்ப்பதற்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொல்லுங்கள். கொல்லைத் தரை, பக்கத்துச் சந்து, தெரு வடிகாலின் அடிமட்டம், மூன்றும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். ரோடு போடும்போதெல்லாம் தெரு ஏறி, வீடு பள்ளத்தில் இறங்கிய கதை நம் ஊர்களில் எத்தனையோ. (பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசு 2021-லேயே சொல்லிவிட்டது. எத்தனை தெருவில் நடக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.) வடிகால் தாழ்வாக இருந்தால் உங்கள் வேலை சுலபம், துளை போட்ட பிவிசி பைப்பை ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சுற்றி ஜல்லிக்குள் படுக்கவைத்து, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு கொடுத்து வெளியே விட்டுவிடலாம். களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவிலும் அந்தத் துணி வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் சேறு மேலே ஏறி ஜல்லியை அடைத்துவிடும். வடிகாலே உயரமாக இருந்தால் எந்தப் புல்லும் உதவாது. மூலையில் சின்ன சம்ப் கட்டி மோட்டார் வைக்க வேண்டும், அல்லது கிராவல் அடித்துத் தரையை உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது வீட்டின் பேஸ்மட்டத்துக்கு (அடித்தள உயரத்துக்கு) மேலே போய்விடாதீர்கள், சுவரில் ஓதம் ஏறும். தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டால் அது வேறு வழக்கு.

இன்னொன்று, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே வந்து விழுகிறது? கொல்லையில்தான் என்றால் நிற்பதில் பாதிக்கு மேல் மாடித் தண்ணீராகவே இருக்கலாம். அதை முதலில் திருப்புங்கள். செலவு குறைவு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அப்புறம் புல்லைப் பற்றி யோசிக்கலாம்.

மண்ணைச் சோதிக்க ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, அது வற்றியதும் மறுபடி ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் கிடந்தால், தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி உங்களுக்கு ஆகாது. ஐப்பசியில் வெட்டும்போது நீங்கள் ஊற்றாமலே ஊறி வந்தால் நிலத்தடி நீரே மேலே நிற்கிறது என்று அர்த்தம், அங்கேயும் உறிஞ்சு குழி உதவாது.

இவ்வளவும் பார்த்த பிறகு புல் போடுவதாக இருந்தால், கொட்டேஷனில் "புல் விரிக்க, சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மண் எடுப்பது, ஜல்லி எத்தனை அங்குலம், துணி, குழாய், சரிவு, தண்ணீர் எங்கே வெளியேறும் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவர் அந்த வேலையைச் செய்யப்போவதில்லை.

கேள்வி: மயிலாடுதுறையில் போன வருடம் போட்டோம். முதல் மழையிலேயே புல் உப்பிக்கொண்டு நின்றது, இப்போது நாற்றம் வேறு. கேட்டால், "புல்லுக்கு ஐந்து வருட வாரண்டி உண்டு, தண்ணீருக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள்.

பதில்: வாரண்டி அட்டையை எடுத்துப் படியுங்கள், நிறம் மங்குவதற்கும் இழை உதிர்வதற்கும்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் தண்ணீர் நிற்காது என்று சொல்லித்தானே விற்றார்கள்? அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம், பில் எதையும் அழிக்காதீர்கள். மழை விட்டு ஒரு நாள் கழித்தும் தண்ணீர் நிற்பதை ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில் ஜல்லி இருக்கிறதா, வெறும் கிரஷர் தூளா என்று பாருங்கள், தூக்குவதற்கு முன் அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது. சரிசெய்யச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. புல்லுக்கு மட்டும் பில் வாங்கியிருந்து, வடிகால் பற்றி எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் கொஞ்சம் கஷ்டப்படுவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் விளையாடத்தான் போடுகிறோம். வெயில் காலத்தில் எப்படி?

பதில்: சித்திரை வெயிலில் மதியம் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும், வெறுங்காலோடு நிற்க முடியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். மேலே நிழல்வலைப் பந்தல் போடப் பணம் ஒதுக்க முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் அருகம்புல்லே போதும்.