உப்சாலாவுக்குப் படிக்க வரும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஆகஸ்டு மாதம் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கவிருப்பதாகவும், இங்கே அறை கிடைக்காவிட்டால் ஸ்டாக்ஹோமில் தங்கி நாள்தோறும் ரயிலில் வந்துபோகலாமா என்றும், குளிர்கால இருட்டைத் தாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரயில் ஏறக்குறைய 40 நிமிடத்தில் வந்துவிடும். வேலைக்காக அப்படிப் போய்வருகிறவர்கள் பலர் உண்டு. ஆனாலும் முதல் ஆண்டையாவது உப்சாலாவிலேயே கழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் இங்குள்ள 'நேஷன்' என்னும் மாணவர் சங்கங்கள். 1477இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்த மாணவர்கள், தத்தம் ஊர்க்காரர்களோடு கூடி வாழ்வதற்காக ஏற்படுத்திக்கொண்டவை அவை. இப்போது 13 இருக்கின்றன. எந்த நாட்டவரும் விரும்பிய ஒன்றில் சேரலாம். மலிவான சாப்பாடு, பாடகர் குழு, படிப்பறை, நடனம் எல்லாம் அங்கேதான். வந்த வாரமே ஒன்றில் சேர்ந்து, அதன் சமையலறையில் ஒரு மாலை வேலை செய்ய முன்வாருங்கள். வகுப்பில் மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசாத சுவீடன் மாணவர், அங்கே உங்களோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் குடும்பக் கதையைச் சொல்வார். கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இது வாய்க்காது.

அறை கிடைப்பதுதான் கடினம். பல்கலைக்கழகத்தின் தங்குமிட அலுவலகம், மாணவர் குடியிருப்பு நிறுவனங்கள், நேஷன்களின் சொந்த விடுதிகள் எல்லாவற்றிலும் இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள். ஒப்பந்தத்தைச் சரிபார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். பெரும்பாலும் கிடைப்பது தனியறையும் பொதுச் சமையலறையும் கொண்ட நடைக்கூட விடுதி. துணி துவைக்கும் அறைக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். உலர்த்தியின் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இதில் தவறினால் சுவரில் மரியாதையான, ஆனால் கண்டிப்பான ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

இருட்டைப் பற்றி உங்களுக்குள்ள அச்சம் நியாயமானது. டிசம்பரின் கடைசி வாரங்களில் பகல் ஆறு மணி நேரம்தான்; மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நான் கண்டவரையில், குளிரைவிட வெளிச்சக் குறைவுதான் நம்மவர்களைச் சோர்வடையச் செய்கிறது. எனவே நண்பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிடுங்கள். நல்ல காலணிக்குச் செலவிடத் தயங்காதீர்கள். பனி இறுகிய பாதைகளில் சரளைக்கல் தூவுவார்கள் என்றாலும் வழுக்கும். மிதிவண்டிதான் இங்கே எல்லோருக்கும் கால். இரவில் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். ஏப்ரல் 30 அன்று, வசந்தத்தை வரவேற்கும் வால்போரி விழாவில், மாணவர்கள் தாமே கட்டிய தெப்பங்களில் ஃபியூரிஸ் ஆற்றின் அருவிகளில் பாய்ந்து இறங்குவதைக் காணும்போது, அந்தக் குளிர்காலத்தைக் கடந்துவிட்ட மகிழ்ச்சி ஊர் முழுவதும் தெரியும்.

ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு அவசரம் வேண்டாம். தாவரவியல் அறிஞர் கார்ல் லின்னேயஸ் அடக்கம் செய்யப்பட்டுள்ள பேராலயமும், ஊதாத் தோலேடுகளில் வெள்ளி மையால் எழுதப்பட்ட ஆறாம் நூற்றாண்டு கோத்திக் மொழி விவிலியத்தைக் காக்கும் கரோலினா ரெதிவீவா நூலகமும் நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கின்றன. பழைய உப்சாலாவின் அரசர் புதைமேடுகளுக்கு மட்டும் ஒரு வெயில் நாளை ஒதுக்குங்கள்.

ஓராண்டோ அதற்கு மேலோ தங்க அனுமதி இருந்தால், வந்தவுடன் வரி அலுவலகத்தில் பதிவுசெய்து, இங்கு வசிப்பவர்களுக்கான அடையாள எண்ணாகிய தனிநபர் எண்ணைப் பெறுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்குவதுகூட இழுபறியாகும். பாட அட்டவணையில் பத்து மணி என்றிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அர்லாந்தா விமான நிலையத்திலிருந்து வரும்போது, ரயிலில் நிலையக் கட்டணமும் சேர்வதால், பெட்டிகள் அதிகம் இல்லையென்றால் 801ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். அது நேராக உப்சாலா ரயில் நிலையத்துக்கே வரும்.