கலிபோர்னியா வேர்ஹவுஸ் வேலையில் டார்கெட்டை எட்டாவிட்டால் வேலையை விட்டுத் தூக்க முடியுமா?

தூக்க முடியும், ஆனால் நினைத்தபடி தூக்க முடியாது. டார்கெட் வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. மறைத்து வைத்த டார்கெட்டைக் காட்டித் தண்டிப்பதைத்தான் தடுக்கிறது. ஏபி 701 என்ற அந்தச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஒரே வேர்ஹவுஸில் குறைந்தது 100 பேரோ, மாநிலம் முழுக்க உள்ள வேர்ஹவுஸ்களில் குறைந்தது 1,000 பேரோ வேலை செய்தால் அந்த நிறுவனத்துக்கு இது பொருந்தும். ஏஜென்சி வழியாக வந்தவர்களும் இதில் சேர்த்தி.

வேலைக்குச் சேரும்போதே உங்கள் டார்கெட் என்ன, எட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எழுத்தில் தர வேண்டும். "மற்றவர்கள் செய்கிற வேகத்துக்கு நீயும் செய்" என்று வாயால் சொன்னால் போதாது. 2024இல் அமேசானின் இரண்டு வேர்ஹவுஸ்களுக்கு மாநிலத் தொழிலாளர் ஆணையர் 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தது இதற்காகத்தான். சக ஊழியர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறோம், நிலையான டார்கெட்டே கிடையாது என்றது நிறுவனம். ஆணையர் அதை ஏற்கவில்லை.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி டாய்லெட் பற்றியது. என் மனைவி வேலை பார்த்த இடத்தில் டாய்லெட் கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. ஸ்கேனர் சும்மா கிடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கில் ஏறும் என்பதால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீரே குடிக்க மாட்டாள். ஒரு மனுஷியை இப்படி நடத்துவது கொடுமை. டாய்லெட்டுக்கு நடந்து போய்வரும் நேரத்துக்கும் டார்கெட் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சாப்பாட்டு பிரேக்கும் ஓய்வு பிரேக்கும் அப்படித்தான். இவற்றுக்கு இடம் தராத டார்கெட்டை எட்டவில்லை என்று உங்களைத் தண்டிக்க முடியாது.

டார்கெட்டால் பிரேக்கோ பாதுகாப்போ பறிபோகிறது என்று நினைத்தால், டார்கெட் விவரத்தையும் உங்களுடைய கடைசி 90 நாள் வேகக் கணக்கையும் கேளுங்கள். 21 நாளுக்குள் தந்தாக வேண்டும். வாயால் கேட்டாலும் செல்லும், ஆனால் மின்னஞ்சலில் கேளுங்கள், தேதி பதிவாகும். அந்தத் தேதி முக்கியம்: ஒரு ஆண்டில் முதல்முறை கேட்ட 90 நாளுக்குள் உங்கள்மேல் நடவடிக்கை எடுத்தால் அது பழிவாங்கல் என்றே சட்டம் முதலில் கருதும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு.

ஏற்கெனவே வேலை போய்விட்டதா? அப்போதும் ஒருமுறை கேட்கலாம். தரவில்லை என்றால் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். விசா நிலை எதுவானாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு.