நடுப்பக்கத்துக்காரர்களும் தணிக்கையும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஒரே பத்திரிகையில் அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்த இரண்டு நடுப்பக்கக் கட்டுரைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சமூக நீதி பேசுகிறவர்கள்தான் இன்றைய தணிக்கை அதிகாரிகள், அவர்களுக்குப் பயந்து எழுத்தாளர்கள் பேனாவை மூடிவிட்டார்கள் என்கிறார் முதலாமவர். கருத்துச் சுதந்திரம் மேல்சாதிக்காரர்களின் சொகுசு, ஒடுக்கப்பட்டவர்களை இழிவுசெய்யும் படத்தையும் புத்தகத்தையும் தடைசெய்வதுதான் சமூக நீதி என்கிறார் இரண்டாமவர். இருவருமே அரசியல் சட்டத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். வகுப்பில் பேசவைத்தேன், பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் (எந்தப் பாதி எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை). எனக்கு இரண்டாமவர் சொல்வது கோபத்தில் இருக்கும்போது நியாயமாகப் படுகிறது, ஆறிய பிறகு பயமாக இருக்கிறது. இன்னொன்று, பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று நானே பேசி வருகிறேன். அதுவும் தணிக்கைதானே அண்ணாச்சி?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

இரண்டையும் வாசித்தேன். முதல் கட்டுரையில் உதாரணம் என்று கொடுத்திருப்பதையெல்லாம் எண்ணிப் பாருங்கள். ஒரு நாவலை யாரோ கூட்டத்தில் கிழித்துப் பேசியிருக்கிறார்கள், ஒரு கவிஞரை முகநூலில் திட்டியிருக்கிறார்கள், ஒரு இயக்குநரிடம் உன் படத்தில் ஏன் எங்கள் தெரு மட்டும் இப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். இதெல்லாம் விமர்சனம். சில சமயம் மோசமான, கூட்டம் சேர்ந்துகொண்டு செய்கிற விமர்சனம், வாங்கிக்கொள்கிறவனுக்கு இரவு தூக்கம் போகும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் அந்த நாவல் கடையில் கிடைத்தது. 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் அமைதிப் பேச்சு என்று கூப்பிட்டு, அதிகாரிகள் முன்னால் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்களே, அது தணிக்கை. எழுதுவதையே விட்டுவிட்டேன் என்று அவர் அறிவித்து, உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் எழுதுங்கள் என்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்த நிலைதான். அங்கே தெருவில் இறங்கியவர்கள் யார், சமூக நீதிக்காரர்களா?

அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊரிலேயே நடந்தது. 2020 நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராய் மாவோயிஸ்டுகளோடு காட்டில் இருந்ததைப் பற்றி எழுதிய 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' நூலை எடுத்தது. 2017 முதல் பாடத்தில் இருந்த நூல். ஆர்எஸ்எஸ் சார்பு மாணவர் அமைப்பான ஏபிவிபி ஒரு புகார் கொடுத்தது, நூல் போய்விட்டது. ஆங்கிலம் நடத்துகிற உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தவர், அ. மாதவையாவின் மகன், காட்டையும் பறவையையும் பற்றி அவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு. அந்த நல்ல மனிதரின் எழுத்தை ஓட்டை அடைக்கிற துணியாக்கிவிட்டார்கள், அந்த வருத்தம் எனக்குத் தனியாக உண்டு. நம் முதல் கட்டுரையாளர் அப்போதும் வாராவாரம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். தேடிப் பார்த்தேன், பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டி பற்றி ஒரு வரி இல்லை. பேனாவை மூடிய எழுத்தாளர்கள் என்கிறாரே, இவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, இரண்டாமவர். இவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, இவரோடுதான் எனக்குச் சண்டை அதிகம். 1951இல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை இவர் பிடித்துக்கொள்கிறார். விவரம் சரிதான். கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரிப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று நம் அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 1950இல் நீக்கியது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த நம் வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரலில் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. இரண்டுமே சென்னை வழக்கு. அந்த ஜூனில் ஒரே திருத்தத்தில் இட ஒதுக்கீட்டுக்கு 15(4) என்ற பிரிவு வந்தது, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளும் 19(2)இல் கூடின. இதை வைத்து, பார்த்தீர்களா, வாயைக் கட்டினால்தான் நீதி கிடைக்கும் என்று சட்டமே சொல்கிறது என்கிறார். எனக்கு விளங்கவில்லை. ஒரே திருத்தத்தில் வந்ததால் ஒன்றுக்கு ஒன்று தேவை என்று ஆகிவிடுமா? மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுக்க 15(4) போதும், ஒரு பத்திரிகையை எல்லையில் நிறுத்தித்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை.

அப்புறம், தடை என்கிற அதிகாரம் நம் நாட்டில் யார் மேல் பாய்ந்திருக்கிறது என்று இவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம். நாடகங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்து 1954இல் வந்த நாடகச் சட்டம், பெரியார் கொள்கையை மேடையில் பேசிய எம்.ஆர். ராதாவைக் குறிவைத்தது. பெரியாரின் ராமாயண ஆராய்ச்சியை லலாய் சிங் இந்தியில் 'சச்சி ராமாயண்' என்று வெளியிட்டார், உத்தரப் பிரதேச அரசு 1969இல் அதைப் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தும் அரசு விடாமல் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1976இல், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில், நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த மேல்முறையீட்டைத் தள்ளினார். நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2013இல்தான் ஒழிந்தன, வழக்குப் போட்டவர் ஞாநி. அவரும் பத்தி எழுதிப் பிழைத்தவர்தான், ஆகவே பத்தி எழுத்தாளர்கள் எல்லோரையும் நான் ஒரே மூட்டையில் கட்டவில்லை. சாதியை எதிர்த்தவர்கள் மேல் பாய்ந்த ஒரு அதிகாரத்தை, சாதி ஒழிப்புக்காக இன்னும் பலமாக்கு என்று கேட்பவரிடம் என்ன பேசுவது? கலெக்டர் எப்போதும் நம் ஆளாகவே இருப்பார் என்று நினைக்கிறாரோ என்னவோ.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய வழக்கு வேறொன்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம். கதை வாலி. பிராமணப் பெண்ணொருத்தி சாதிச் சான்றிதழை மாற்றி வாங்கி அதிகாரி ஆகிறாள், இட ஒதுக்கீடு சாதிப்படி இருக்கக் கூடாது, வருமானத்தைப் பார்க்க வேண்டும் என்கிற வாதம். எனக்கு உடன்பாடில்லாத வாதம், உங்களுக்கும் இருக்காது. சென்சார் கொடுத்த யு சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் படத்தை ஓட விட்டது. ஊர்வலம் போவோம், அடிப்போம் என்று மிரட்டுகிறவனுக்குப் பயந்து பேச்சை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, முடியாது என்று கைவிரிக்கக் கூடாது என்றது. படம் வந்தது. இட ஒதுக்கீடு என்ன ஆனது? ஐந்தே வருடத்தில், 1994இல், 69 சதவீதத்துக்குத் தனிச் சட்டம் போட்டு அதை, நீதிமன்றம் எளிதில் கைவைக்காதபடி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்தார்கள். ஒரு சினிமாவால் சாயக்கூடியதாக அது இல்லை. முதலாமவருக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும், அடிக்கடி மேற்கோள் காட்டுவார். சாதிச் சங்கம் ஒரு படத்தை நிறுத்தச் சொல்லும் வாரத்தில் மட்டும் அது அவருக்கு மறந்துபோகும்.

இரண்டு பேருமே எழுதாத தணிக்கை ஒன்று இருக்கிறது. அது அவர்கள் எழுதுகிற அதே பத்திரிகையின் நெல்லைப் பதிப்பில், மாவட்டச் செய்திப் பக்கத்தில் தினமும் நடக்கிறது. "இரு தரப்பினர் மோதல்", "முன்விரோதம் காரணமாக வாலிபருக்கு வெட்டு". எந்தத் தரப்பு, என்ன விரோதம், ஒன்றும் இருக்காது. கடைசி வரியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவு என்று வந்தால்தான் விஷயம் வெளியே தெரியும். சாதியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லும் நெறி பிரஸ் கவுன்சிலில் இருக்கிறது, யாரையும் இழிவுபடுத்தக் கூடாது என்று போட்டது, நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அது வெட்டியவனுக்குத்தான் மறைப்பாக இருக்கிறது. பகுதிநேர நிருபரை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேஷனிலிருந்து வாட்ஸப்பில் வருகிற குறிப்பை அவர் அப்படியே தட்டி அனுப்புகிறார். அதே ஊரில் குடியிருக்கிறார், அதே டீக்கடைக்குத்தான் போக வேண்டும், ஒரு வரி கூடுதலாக எழுதினால் மறுநாள் பைக்கை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டிய பிழைப்பு. நாமோ ஊர் பெயரையும் தெருப் பெயரையும் வைத்தே எல்லாவற்றையும் படித்துவிடுகிறோம். வெளியூர்க்காரனுக்கும், முப்பது வருடம் கழித்துப் பழைய பத்திரிகையைப் புரட்டி ஆராய்ச்சி செய்யப்போகும் பிள்ளைக்கும்தான் ஒன்றும் தெரியாது. அவள் எடுக்கும் குறிப்பில் தென் மாவட்டங்களில் ஜனங்கள் காரணமே இல்லாமல் வெட்டிக்கொண்டார்கள் என்றுதான் இருக்கும். சென்னைப் பதிப்பின் நடுப்பக்கம் வரை வருகிற கொலைகளில் மட்டும் சாதி வெளியே வருகிறது. கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதுகிற இந்த இரண்டு பேரும் தங்கள் ஆசிரியரிடம் இதைக் கேட்டிருக்கிறார்களா?

உங்கள் கயிறுக் கேள்விக்கு வருகிறேன். 2019இலேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது, எதிர்ப்பு வந்ததும் தனக்குத் தெரியாமல் போனது என்று அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் உங்கள் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரை. கயிற்றை நான் கருத்து என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பெஞ்சில் யார் பக்கத்தில் உட்காரலாம், சண்டை வந்தால் யாரை அடிக்கலாம் என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் காட்ட, பெரியவர்கள் நிறம் பார்த்து வாங்கிக் கட்டிவிடுவது அது. பள்ளிக்கூட வாசலில் கழற்றச் சொல்லலாம், சொல்ல வேண்டும். அதே பையன் வளர்ந்து தன் சாதிப் பெருமையைப் புத்தகமாகப் போட்டால் அதைத் தடைசெய்யக் கூடாது, வாங்கிப் படித்துக் கிழித்து எழுத வேண்டும். நெற்றி அடையாளம் என்கிற இடத்தில்தான் எனக்குத் தயக்கம். காலையில் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்துகிற வாத்தியார் எந்தச் சாதி, அந்தப் பிள்ளை எந்தச் சாதி என்று பார்த்துத்தான் அந்த விதி நடக்கும். ஆகவே அந்த ஒரு பரிந்துரையை எதிர்த்து நீங்கள் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். 1989 தீர்ப்பு இணையத்திலேயே கிடைக்கிறது, இரண்டு கட்டுரைகளோடும் சேர்த்து வகுப்பில் கொடுங்கள். பையன்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.