டோப்காபி: அவசரமில்லாமல் ஓர் அரண்மனை (வாசகர் கேள்வி – பதில்)

இஸ்தான்புல் போகும் நம் வாசகர்கள் பலர், ஒட்டோமான் சுல்தான்களின் டோப்காபி அரண்மனையைச் சுற்றுலாக் குழுவின் கொடிக்குப் பின்னால் ஓடாமல் தாங்களே பார்க்க விரும்பிக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அவற்றில் சில இங்கே.

கேள்வி: டிராமில் 'டோப்காபி' என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கினால் போதும்தானே? (சேலம் வாசகர்)

இறங்கிவிடாதீர்கள்! முதல்முறை வருபவர்கள் ஏமாறும் இடமே அதுதான். 'டோப்' என்றால் பீரங்கி, 'காபி' என்றால் வாசல். நகரின் மேற்கே பழைய கோட்டை மதிலிலும் ஒரு பீரங்கி வாசல் இருந்தது. டிராம் நிறுத்தத்தின் பெயர் அந்த வாசலைக் குறிக்கிறது. அரண்மனையோ அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடலோர முனையில் இருக்கிறது.

டி-1 டிராமில் சுல்தானஹ்மத் அல்லது குல்ஹானே நிறுத்தத்தில் இறங்குங்கள். சுல்தானஹ்மத்தில் இறங்கினால் அயா சோபியாவைச் சுற்றி அதன் பின்பக்கம் நடக்க வேண்டும். சுல்தான் மூன்றாம் அஹ்மத் 1728இல் கட்டிய, பெரிய கூரை போட்ட நீரூற்று மண்டபம் ஒன்று தெருவின் நடுவே நிற்கும். அதன் எதிரே இருப்பதுதான் அரண்மனையின் முதல் வாசல். குல்ஹானே வழி அழகானது, ஆனால் ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதல் வழிதான் சரி.

கேள்வி: குழுவோடு போன உறவினர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். நாங்களாகப் போனால் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எங்கே தொடங்குவது? (கோயம்புத்தூர் வாசகி)

ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை ஒன்றன் பின் ஒன்றாக நான்கு முற்றங்களாக நீள்கிறது. முதல் முற்றத்துக்கு டிக்கெட் கிடையாது, யாரும் போகலாம். அதன் கோடியில், கூம்புக் கூரை போட்ட இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே இருக்கிறது நடு வாசல். டிக்கெட்டும் பைச் சோதனையும் அங்கேதான். காலை 9 மணிக்குத் திறப்பார்கள். 8.45க்கே அங்கே நில்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் இரண்டாம் முற்றத்தில் நின்று சமையற்கூடம் பார்க்கலாமே என்று கால் இழுக்கும். பார்க்காதீர்கள். திரும்பி வரும்போது எப்படியும் அதே முற்றம் வழியாகத்தான் வெளியேறப் போகிறீர்கள். இடது பக்கம் உயர்ந்து நிற்கும் நீதிக் கோபுரத்தின் அடியில் ஹரேம், அதாவது அந்தப்புரத்தின், வாசல் இருக்கிறது. நேரே அங்கே போங்கள். காரணம் எளிது: ஹரேமின் நடைகள் குறுகலானவை, பாதை ஒருவழி. நாற்பது பேர் கொண்ட ஒரு குழு முன்னால் நின்று விளக்கம் கேட்க ஆரம்பித்தால், பின்னால் வருபவர்களும் நிற்க வேண்டியதுதான். குழுக்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் திரளும். அதற்குள் நீங்கள் பாதி ஹரேமைத் தாண்டியிருப்பீர்கள்.

ஹரேமுக்கு ஒன்றேகால் மணி நேரம். அதன் வெளிவாசல் உங்களை மூன்றாம் முற்றத்தில் கொண்டுபோய் விடும். அங்கே புனிதப் பொருள்கள் அறைக்கு அரை மணி, எதிர்ப்பக்கக் கருவூலத்துக்கு முக்கால் மணி. பிறகு நான்காம் முற்றத்து மேடையில் உட்கார்ந்து இளைப்பாறுங்கள். பொற்கொம்புக் கழிமுகமும் பாஸ்பரஸ் நீரிணையும் மர்மரா கடலும் அங்கிருந்து தெரியும். திரும்பும்போது இரண்டாம் முற்றத்தின் சமையற்கூடமும் திவான் மண்டபமும். கடைசியாக, நடு வாசலைத் தாண்டி முதல் முற்றத்தில் அயா இரினி தேவாலயம். நடு வாசலை விட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அதனால் அயா இரினியைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

ஏதாவது ஒரு பகுதி சீரமைப்புக்காக மூடியிருப்பது இங்கே சகஜம். டிக்கெட் வாங்குமிடத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. ரம்ஜான், பக்ரீத் பண்டிகை நாட்களில் நேரம் மாறும்.

கேள்வி: 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று சொல்லித் தெருவில் டிக்கெட் விற்கிறார்களாமே? (திருநெல்வேலி வாசகர்)

அவர்கள் மிச்சப்படுத்துவது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும்தான். பைச் சோதனை வரிசையில் அந்த டிக்கெட்டை வாங்கியவர்களும் நிற்க வேண்டும், மற்றவர்களும் நிற்க வேண்டும். காலை 9 மணிக்கு வருபவர்களுக்கு டிக்கெட் வரிசையே பெரிதாக இருக்காது. பிறகு எதற்குக் கூடுதல் பணம்?

வெளிநாட்டவருக்கு அரண்மனை, ஹரேம், அயா இரினி மூன்றும் சேர்ந்த டிக்கெட் கிடைக்கிறது. விலையை இங்கே எழுதவில்லை. லிராவில் அது அடிக்கடி ஏறுகிறது, இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும். அருங்காட்சியக பாஸ் வாங்குவதானால் டோப்காபியும் ஹரேமும் அதில் அடங்குமா என்று முதலில் பாருங்கள். உள்ளே போனதும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட வேண்டாம். ஹரேம் வாசலிலும் அயா இரினியிலும் மறுபடி கேட்பார்கள்.

கேள்வி: படங்களில் பார்த்தால் இது அரண்மனை மாதிரியே இல்லை. தாழ்வான கட்டடங்களும் மரங்களும்தான். பேரரசர்கள் வாழ்ந்த இடம் ஏன் இப்படி? (மதுரை வாசகர்)

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமல் உள்ளே போனால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும்.

1453இல் நகரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத், சில ஆண்டுகளில் இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் தங்கள் தேவைக்கு ஓர் அறை, ஒரு மண்டபம் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டு இப்படியே வளர்ந்தது. முகப்பைக் காட்டி மலைக்க வைப்பது இதன் நோக்கமே இல்லை. பிராகாரம் பிராகாரமாக உள்ளே போகப்போக ஆட்கள் குறைய வேண்டும், சத்தம் குறைய வேண்டும், கடைசியில் சுல்தான் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். நடு வாசலில் சுல்தானைத் தவிர எல்லோரும் குதிரையை விட்டு இறங்கியாக வேண்டும். மூன்றாம் முற்றத்தில் பேச்சே அடக்கம். அரண்மனைப் பணியாளர்களிடையே கைச்சாடை மொழி புழங்கியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் நின்று பாருங்கள்.

முதலாவது, இரண்டாம் முற்றத்தின் திவான் மண்டபம். அமைச்சர்கள் சுவரோரம் நீள இருக்கையில் அமர்ந்து ஆலோசித்த சின்ன அறை. தலைமை அமைச்சர் உட்கார்ந்த இடத்துக்கு மேலே, சுவரில் பொன் முலாம் பூசிய கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். அதன் பின்னால் சுல்தான் வந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், வராமலும் இருக்கலாம். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த இருக்கைகளின் பக்கம் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் புரியும்.

இரண்டாவது, மூன்றாம் முற்றத்தில் நுழைந்ததும் வழியை மறித்து நிற்கும் அரச தரிசன மண்டபம். வெளிநாட்டுத் தூதர்கள் சுல்தானைச் சந்தித்த இடம். அதன் முன்சுவரில் ஒரு நீரூற்று இருக்கிறது. அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. தண்ணீர் விழும் சத்தத்தில் உள்ளே நடக்கும் பேச்சு வெளியே கேட்காது.

மூன்றாவது, ஹரேமுக்குள் மூன்றாம் முராத்தின் அறை. 1578இல் கட்டிடக் கலைஞர் சினான் கட்டியது. உள்சுவரிலேயே அடுக்கடுக்கான பளிங்கு நீரூற்று. ஒட்டுக் கேட்பவர்களுக்கு அங்கும் அதே வைத்தியம்தான்.

கேள்வி: ஹரேமில் ஓடுகள் அழகு என்கிறார்கள். எல்லா அறையிலும் ஒரே மாதிரி நீல ஓடுகள்தானே? நல்லதை எப்படி அடையாளம் காண்பது? (புதுச்சேரி வாசகி)

சிவப்பைப் பாருங்கள். இஸ்னிக் நகரச் சூளைகளில் 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சுட்ட ஓடுகளில், நன்கு பழுத்த தக்காளி நிறத்தில் ஒரு சிவப்பு இருக்கும். இரும்புச் சத்து மிகுந்த களிமண்ணைக் குழைத்துத் தடிப்பாகப் பூசியதால் அது தளத்திலிருந்து சற்றே மேலெழும்பி நிற்கும். நேர் எதிரே நின்றால் தெரியாது. சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நின்று, ஜன்னல் வெளிச்சம் ஓட்டின் மேல் சாய்வாக விழும்படி பாருங்கள். பூவிதழ்கள் மட்டும் மெல்லிய மேடாகத் தெரியும். மூன்றாம் முராத்தின் அறை இதற்குச் சரியான இடம். அடுத்த நூற்றாண்டில் இந்தச் சிவப்பு கைவரவில்லை. மங்கிப் பழுப்பாயிற்று, நீலம் கரைந்து வழிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு விரை நீக்கப்பட்ட அடிமைக் காவலர்கள் குடியிருந்த பகுதியில் பிற்கால ஓடுகளைப் பார்த்துவிட்டு இந்த அறைக்கு வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தொட்டுப் பார்க்கக் கூடாது.

பலரும் தவறவிடும் ஒன்று ஹரேமுக்கு வெளியே இருக்கிறது. நான்காம் முற்றத்தில் இளவரசர்களின் சுன்னத் மண்டபத்தின் முன்சுவரில், நீலமும் வெளிர் நீலமும் கலந்த நெடிய ஓடுகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டர் உயரம், ஒரே துண்டாகச் சுட்டது. அவ்வளவு பெரிய ஓடு சூளையில் வளையாமல், விரியாமல் வருவது லேசுப்பட்ட காரியம் அல்ல. இலைகளுக்கிடையே மான் போன்ற சீனக் கற்பனை விலங்குகள் ஒளிந்திருக்கின்றன, குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: டோப்காபி வைரத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையா? (சென்னை வாசகர்)

கதை உண்டு, உண்மை இல்லை. கருவூலத்தில் இருக்கும் 'கரண்டிக்காரர் வைரம்' 86 காரட். பேரிக்காய் வடிவம், சுற்றிலும் 49 சிறு வைரங்கள். குப்பையில் கண்டெடுத்த ஒருவர் மூன்று கரண்டிக்கு விற்றார் என்பது உள்ளூர்க் கதை. இன்னொரு கதைப்படி, அது மெட்ராஸ் கவர்னராக இருமுறை இருந்து, 1777இல் மெட்ராஸிலேயே காவலில் இறந்துபோன ஜார்ஜ் பிகாட்டின் வைரம். பிகாட்டின் வைரம் பல கை மாறி, ஒட்டோமான் ஆட்சியின் கீழிருந்த அலி பாஷாவிடம் போனது என்னவோ மெய். ஆனால் அது 50 காரட்டுக்கும் குறைவு. சிறிய கல் பெரிய கல்லாகாதே!

இந்தியத் தொடர்பு வேண்டுமானால் நாதிர் ஷாவைப் பிடியுங்கள். 1739இல் தில்லியைக் கொள்ளையடித்த அதே பாரசீக மன்னர். அவர் சுல்தான் முதலாம் மஹ்மூதுக்கு அனுப்பிய, இந்தியக் கைவேலை என்று கருதப்படும் ஒரு சிம்மாசனம் இந்த அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. பதில் மரியாதையாகச் சுல்தான் அனுப்பியவற்றில் ஒன்றுதான் புகழ்பெற்ற டோப்காபி குத்துவாள். தூதுக்குழு வழியில் இருக்கும்போதே 1747இல் நாதிர் ஷா கொல்லப்பட்டார். வாள் திரும்பி வந்துவிட்டது. அதன் பிடியில் மூன்று பெரிய மரகதங்கள். உச்சியிலும் ஒரு மரகதம், அது மூடி. அதைத் திறந்தால் உள்ளே சின்னக் கடிகாரம். கூட்டம் முன்பக்கத்தை மொய்க்கும், நீங்கள் கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுக்கு வந்து உச்சியைப் பாருங்கள்.

கேள்வி: புனிதப் பொருள்கள் அறைக்கு உடைக் கட்டுப்பாடு உண்டா? படம் எடுக்கலாமா? (காயல்பட்டினம் வாசகி)

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பெண்கள் ஒரு சால்வை வைத்துக்கொள்வது நல்லது. நபிகள் நாயகத்தின் மேலாடையும், அவருடையதாகவும் தோழர்களுடையதாகவும் போற்றப்படும் வாள்களும் இங்கே இருக்கின்றன. 1517இல் எகிப்தை வென்றபின் வந்து சேர்ந்தவை பல. உள்ளே குர்ஆன் ஓதும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பலர் இங்கே வழிபாட்டு மனநிலையில் வருகிறார்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். இங்கும் கருவூலத்திலும் படம் எடுக்கத் தடை. முற்றங்களில் எடுக்கலாம்.

கேள்வி: எழுபது வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். எதை விடலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

ஹரேமை. அங்கே படிகளும் மேடுபள்ளமான கல் தரையும் அதிகம், பாதியில் திரும்பவும் முடியாது. ஒருவர் அம்மாவோடு இரண்டாம் முற்றத்து மரநிழலில் இருந்துகொண்டு மாறி மாறிப் போய் வாருங்கள். நான்காம் முற்றத்து மேடைக்கும் படி ஏற வேண்டும். அதற்குப் பதிலாகச் சமையற்கூடத்தில் நிதானமாக இருக்கலாம். 1574 தீ விபத்துக்குப் பின் சினான் திருத்திக் கட்டியது. அண்டா அண்டாவாகப் பாத்திரங்களும் சீனப் பீங்கான்களும் அங்கே இருக்கின்றன. வெளிர் பச்சைப் பீங்கான் தட்டில் விஷம் கலந்த உணவை வைத்தால் நிறம் மாறும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். மாறாது. செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்கட்டும், முதல் முற்றத்துக் கற்கள் மழையில் சறுக்கும்.

கேள்வி: எங்களுக்கு இருப்பது ஒரே நாள், அதுவும் செவ்வாய். டோப்காபி மூடியிருக்குமே? (ஈரோடு வாசகி)

டோல்மாபாஹ்சே போங்கள், அதற்குத் திங்கள்தான் விடுமுறை. 1856இல் சுல்தான் அப்துல்மெஜித் டோப்காபியை விட்டுக் குடிபோன புது அரண்மனை அது. 285 அறைகள், நாலரை டன் எடையுள்ள சரவிளக்கு, துருக்கிக் குடியரசை நிறுவிய அடாடுர்க் 1938 நவம்பர் 10 அன்று உயிர் நீத்த அறை. டி-1 டிராமில் கடைசி நிறுத்தமான கபாடாஷ் வரை போய்ச் சிறிது நடக்க வேண்டும். உள்ளே கால்களுக்கு உறை மாட்டச் சொல்வார்கள், வகுத்த பாதையில்தான் நடக்க வேண்டும், படம் எடுக்க முடியாது. உங்கள் விருப்பத்துக்கு நின்று பார்ப்பதற்கு டோப்காபி அளவுக்கு அங்கே இடம் கொடுக்கமாட்டார்கள்.