விடியற்காலையில் திறக்காத கார், போனில் ஹீட்டர் போட்டுத் தருகிறேன் என்பவர்

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து பாவித்த காராக வந்த 2014 நிசான் லீஃப், மின்சாரக் கார். காலை ஆறு மணிக்குப் பாடசாலைக்குப் புறப்படும்போது கீ கைப்பையில் இருக்க, கதவுப் பொத்தானை அழுத்தினால் திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினாலும் ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவைதான். அதே கீ பத்து மணிக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. இன்னொன்று, உள்ளே ஏறினால் கண்ணாடி முழுக்கப் பனி பிடித்து, அது தெளியவே பத்து நிமிஷம் போகிறதாம். டவுனில் ஒருவர், "ஜப்பான் லொக்கை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்தே போனில் ஹீட்டர் போடுகிற மாதிரி செய்து தருகிறேன், கீயும் அதோடு சரியாகிவிடும், 65,000 ரூபா" என்கிறாராம். கொடுக்கலாமா அண்ணா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் டீச்சர். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் கீ. காலையில் செத்து, பத்து மணிக்கு உயிர் வருகிறது என்றால் பெரும்பாலும் கீக்குள் இருக்கிற நாணயம் மாதிரியான சின்ன பெட்டரிதான் காரணம். நீங்கள் கதவுப் பொத்தானை அழுத்தியதும் கார் "நீ இருக்கிறாயா" என்று பக்கத்தில் தேடும், கீ பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு நொடிக்கு அதற்குக் கொஞ்சம் பலம் தேவை. தேய்ந்த பெட்டரி குளிரில் அந்தப் பலத்தைக் கொடுக்காது, வெயில் ஏறினதும் கொடுத்துவிடும். அதனால்தான் கராஜுக்கு மத்தியானம் கொண்டுபோனால் ஒரு பிழையும் தெரியாது, உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

லீஃப் கீக்குப் போடுவது சிஆர் 2025. சில நூறு ரூபா விஷயம். இந்த இலக்கத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 25 என்பது தடிப்பு 2.5 மில்லிமீட்டர். கடைக்காரர் 2032ஐ எடுத்து நீட்டி, இரண்டும் ஒன்றுதான், அது இன்னும் பலமானது என்பார். ஒன்று இல்லை. அது 3.2 மில்லிமீட்டர். அமுக்கிப் போட்டால் உள்ளே போகும், வேலையும் செய்யும், ஆனால் மூடி ஒரு மயிரிழை விலகி நிற்கும். கொழும்பில் அது பரவாயில்லை என்று வைத்தாலும் நம் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் அந்த இடைவெளி போதும். என்னிடம் வந்த ஒரு கீயைத் திறந்தபோது உள்ளே பலகையில் பச்சை பூத்திருந்தது, பெட்டரியைச் சுற்றி ரப்பர் பாண்ட் வேறு. யாரோ மிகுந்த அக்கறையோடு செய்த வேலை! மாற்றும்போது பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதை வையுங்கள், தகட்டில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து.

கீயை எங்கே மாட்டுகிறீர்கள் என்றும் பாருங்கள். டீவிக்கோ கம்ப்யூட்டருக்கோ பக்கத்தில் என்றால் பெட்டரி சீக்கிரம் போகும். அவற்றிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கைப்பையில் போனையும் கீயையும் ஒட்டி வைக்காதீர்கள். பிதுருதலாகலை மலைக் கோபுரத்தால்தான் கீ வேலை செய்யவில்லை என்று நுவரெலியாவில் ஒரு பேச்சு உண்டு. பெரிய ஒளிபரப்புக் கோபுரத்துக்குக் கிட்டே கீ தடுமாறலாம் என்று காரோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறதுதான், ஆனால் கோபுரம் பத்து மணிக்கு லீவு போடுவதில்லையே.

கீ முழுதாகச் செத்தாலும் நீங்கள் பனியில் நிற்கத் தேவையில்லை. கீயின் பின்பக்கம் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும், அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். சாரதி பக்கக் கதவை அதால் திறங்கள். கார் கத்தினால் பயப்படாதீர்கள். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி, செத்த கீயைக் கொண்டுபோய் பவர் பொத்தானில் ஒட்டிப் பிடியுங்கள், ஒரு சத்தம் வரும், வந்து பத்து விநாடிக்குள் பொத்தானை அழுத்துங்கள். கார் எழும்பிவிடும். பெட்டரி இல்லாத கீயையும் அவ்வளவு கிட்டே வைத்தால் காருக்கு அடையாளம் தெரியும். இதை விற்கும்போது யாராவது காட்டித் தந்தார்களா? தந்திருக்க மாட்டார்கள். மின்சாரக் கார் என்றால் மோட்டார் எத்தனை கிலோவாட், எத்தனை வருஷம் பழசு என்று துல்லியமாகக் கணக்குப் பார்த்து வரி வாங்கத் தெரிகிற நாட்டில், இரண்டு கீயும் ஒரு இங்கிலிஷ் புத்தகமும் வந்ததா என்று கேட்க ஒரு நாதி இல்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர் கையில் ஜப்பான் மொழிப் புத்தகமும் ஒற்றைக் கீயும்.

புது பெட்டரி போட்டும் அதே கதை என்றால், காரின் 12 வோல்ட் பெட்டரியைப் பாருங்கள். மின்சாரக் காருக்கு ஏன் அது என்று பலர் கேட்கிறார்கள். கதவு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான். பெரிய பெட்டரி நிறையச் சார்ஜ் இருந்தாலும் இது செத்தால் கார் வெறும் தகரம்.

இனி அந்த 65,000 ரூபாக்காரர்.

உங்கள் காருக்குள் போன் மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. அது ஜப்பானிய போன் கம்பனியோடு மட்டும் பேசும், அந்தக் கம்பனி வழியாக நிசானின் கம்ப்யூட்டரோடு. இங்கே அதற்குப் பேச ஆள் இல்லை. எடுப்பதற்கு லொக் என்று ஒன்றும் இல்லை, டீச்சர், அந்தப் பக்கம் போனை எடுக்க ஆளில்லாததற்கு இந்தப் பக்கம் என்ன பூட்டைத் திறப்பது? விற்ற நாட்டிலேயே இந்த வசதி நிரந்தரம் இல்லை. அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் ஒரு பெரிய போன் கம்பனி 3ஜி சேவையை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த பழைய லீஃப்களின் போன் வசதியும் அதோடு போனது. தனியாக ஒரு கருவி பூட்டி உள்ளூர் சிம் போட்டுச் செய்கிற வழி ஒன்று உண்டு, ஆனால் அதைச் செய்கிறவர் கருவியைக் கையில் எடுத்துக் காட்டுவார், லொக் என்று கதை சொல்ல மாட்டார்.

"இல்லை, பக்கத்து வீட்டு ஜப்பான் வண்டிக்கு வேலை செய்கிறதே, நான்தான் செய்து கொடுத்தேன்" என்று அவர் சொல்வார் பாருங்கள். கட்டாயம் சொல்வார். அந்த வண்டி எது என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை அது மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிஎச்ஈவியாக இருக்கும், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்தது. அதில் கம்பனியே வைத்த வழி வேறு: கார் தானே ஒரு வைஃபை போடும், போன் நேராக அதைப் பிடிக்கும். நடுவில் ஜப்பானும் இல்லை, போன் கம்பனியும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அதனால்தான் அது இங்கே வந்தும் வேலை செய்கிறது. அதுவும் வீட்டு வாசலில் கார் நிற்கும் வரைக்கும்தான், வைஃபை எட்டுகிற தூரம் அவ்வளவுதான், கொழும்பில் இருந்துகொண்டு தலவாக்கலையில் நிற்கும் காரைச் சூடாக்க முடியாது. அந்தக் காரின் புத்தகத்தைப் பார்த்து யாரும் போனில் இணைத்துக்கொள்ளலாம். இதைச் செய்து கொடுத்துக் காசு வாங்கிவிட்டு, பிறகு லீஃப் வைத்திருப்பவரிடம் வந்து அதையே சாட்சியாகக் காட்டுவதுதான் தொழில். என் கராஜுக்கே இப்படி ஏமாந்த மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவருக்கு டாஷ்போர்டைக் கழற்றி மாட்டியதில் ரேடியோவும் போய்விட்டது.

காரின் அடையாள எண்ணையும் கடவுச்சொல்லையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அதுவும் வேண்டாம். 2016 பெப்ரவரியில் டிரொய் ஹண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், காரின் அடையாள எண் தெரிந்தாலே இன்னொருவரின் லீஃபில் ஏசியைப் போட்டு நிறுத்த முடிகிறது என்று காட்டினார், நிசான் போனில் லீஃபை இயக்கும் செயலியையே தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது.

சரி, குளிருக்கு என்ன செய்வது? காருக்குள்ளேயே டைமர் இருக்கிறது, போனே தேவையில்லை. திரையில் எல்லாம் ஜப்பானிய எழுத்து என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போன் கமராவில் மொழிபெயர்க்கிற வசதி இருக்கிறதல்லவா, அதைத் திரைக்கு நேரே பிடித்து, டைமர் ஏர்கொன் என்று வருகிற இடத்தைத் தேடி, புறப்படும் நேரம் ஆறு மணி என்று கொடுங்கள். சார்ஜ் வயர் குத்தியிருந்தால் மட்டும்தான் அது வேலை செய்யும். கரன்ட் சுவரிலிருந்து வருவதால் ஓடுகிற தூரம் குறையாது. விடிய கரன்ட் போனால் அன்றைக்கு இல்லை, அதற்கு நானும் ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணாடிப் பனிக்கு ஹீட்டரை மட்டும் போட்டுக் காத்திருக்காதீர்கள், எல்லோரும் செய்கிற பிழை இது. ஏசியும் சேர்ந்து ஓட வேண்டும், ஏசிதான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். முன் கண்ணாடிப் பொத்தானை அழுத்துங்கள், உள் காற்றே சுற்றுகிற பொத்தான் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நனைந்த குடையைப் பின் சீட்டில் எறியாதீர்கள். வயர் குத்தாத நாளில், சீட் சூடாகிற வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறையுங்கள். ஹீட்டர் கிலோவாட் கணக்கில் இழுக்கும், சீட் அதில் ஒரு துளிதான்.

கடைசியாக, இரண்டாவது கீ இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் ஜப்பான் காருக்கு 315 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் கீ வேண்டும், ஐரோப்பாவுக்கு வந்தது 433, அது பேசாது. பதிவு செய்யப் போகும்போது கையிலிருக்கிற பழைய கீயையும் கொண்டுபோங்கள், லீஃபில் புதிதாகப் பதியும்போது அங்கே இல்லாத கீ அழிந்துவிடும். பதிகிறவர் கீயை வைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றால், வேண்டாம், பக்கத்தில் ஒரு பிளேன் டீ குடித்துக்கொண்டே நானும் நிற்கிறேன் என்று சொல்லுங்கள்.